ஊற்றுக்கு மேலிருந்த காடு

பண்டாரவளைச் சந்தையில் பலாக்கொட்டை சுடும் மணம் வந்ததும் மெனிக்கே அக்காவின் நினைவு வந்தது. தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே, சிங்களக் கிராமத்தில் இருந்தாள். அம்மாவும் அவளும் ஒரே ஊற்றில் தண்ணீர் மொள்வார்கள். எனக்குச் சுட்ட பலாக்கொட்டை உரித்துத் தருவாள்.

ஊற்றுக்கு மேலே அவள் கிராமத்தார் தலைமுறையாக ஆண்ட காட்டை, காணி உறுதிப் பத்திரம் இல்லை என்று அரசாங்கம் தோட்டத்துக்கு விற்றது. மரம் வெட்டப் போனவர்களில் அப்பாவும் ஒருவர்.

“ஊத்து வத்திப்போகுமே, அண்ணே” என்றாள் மெனிக்கே அக்கா அப்பாவிடம்.

“தெரியும்மா. வெட்டலேன்னா எங்கள லயத்த விட்டுப் போகச் சொல்லுவாங்க. எங்களுக்கும் இங்க சொந்தமா மண்ணு இல்ல.”

அடுத்த கோடையில் ஊற்று வற்றியது. மெனிக்கே அக்கா ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று வழிக்குத் தண்ணீர் கேட்டு எங்கள் லயத்துக்கு வந்தாள். அம்மா பானையைக் கவிழ்த்து, இருந்த அத்தனையையும் அவள் குடத்தில் ஊற்றினாள்.

எங்கே போனாள் என்று தெரியாது. வயதான சிங்களப் பெண்களைக் கண்டால் இன்னும் முகத்தைப் பார்க்கிறேன்.