இரண்டாவது பெட்டியின் கேபிள்

கேள்வி கேட்காமல் ஆஸியாவுக்கு டீ இறங்காது. தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருக்கும் முகம்மது ஹனீபின் மகள். செம்பூரில் எங்கள் ஆஸ்பத்திரியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ள ஒரு வருடக் கான்ட்ராக்டில் வந்தவள். நான் ஜகந்நாதன், நிர்வாக அதிகாரி. கேள்வி கேட்பவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

வெளியிலிருந்து விஷமிகள் நுழையாமல் காவல் காக்க எங்களிடம் ஒரே மாதிரி இரண்டு ஃபயர்வால் பெட்டிகள் உண்டு. ஒன்று வேலை செய்யும். அது படுத்தால் மற்றது பார்த்துக்கொள்ள வேண்டும். அவற்றின் ஃபர்ம்வேரை, அதாவது உள்ளே ஓடும் மென்பொருளை, புதுப்பிக்கும்போதெல்லாம் வெளிக் கம்பெனி ஆள் நகுல் அரைமணி நேரம் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவான். நான்கு வருடமாக இதுதான் வழக்கம்.

“ரெண்டு பொட்டி இருக்குல்லா சார்? பொறவு எதுக்கு நிப்பாட்டணும்?” என்றாள் ஆஸியா.

“நன்னாத்தானே ஓடிண்டிருக்கு, எதுக்கு நோண்டறே?”

“அந்த ரெண்டாவது பொட்டி ஒரு நாளாவது ஓடியிருக்கான்னு யாராச்சும் பாத்திருக்கியளா?”

யாரும் பார்த்ததில்லை. எனக்கே குறுகுறுத்தது. நிறுத்தாமலே புதுப்பித்துப் பார்க்கச் சரியென்றேன். ஆனால் ஏதாவது நின்றால் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டேன் என்றும் சொல்லிவைத்தேன்.

ஞாயிறு மதியம், தண்டவாள வேலைக்காக ரயில்களை நிறுத்தும் மெகா பிளாக்கில் வண்டி கிடைக்காமல் நகுல் விக்ரோலியிலேயே மாட்டிக்கொண்டான். ஆஸியா தனியாக இரண்டாவது பெட்டியைப் புதுப்பித்தாள். அது சமர்த்தாக எழுந்தது. பொறுப்பை அதனிடம் மாற்றினாள்.

எல்லாம் நின்றது. வீட்டிலிருக்கும் டாக்டருக்கு ஸ்கேன் போகவில்லையென்று கேஷுவால்டியில் கத்தினார்கள். அவள் உடனே முதல் பெட்டிக்கே திருப்பினாள். ஒரு நிமிடத்தில் உயிர் வந்தது. எனக்கு வந்த கோபத்தில் மெமோ எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அழுதுகொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். அவளோ ஏணி போட்டு, ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்து கேபிளைத் துரத்திக்கொண்டிருந்தாள். இரண்டாவது பெட்டியில் செருகியிருந்தது, பச்சை விளக்கு எரிவதற்காக மட்டும் வைத்த வெத்துக் கேபிள். இன்டர்நெட்டைக் கொண்டுவர வேண்டிய அசல் கேபிள் வராந்தாவைத் தாண்டி, சுவரைத் துளைத்து, என் அறைக்குள் இறங்கியது. ஆஸியா என் டிவிக்குப் பின்னால் குனிந்தாள்.

“சார், இங்கல்லா வருது!” அவள் முகத்தில் கோபமே இல்லை, ஆச்சரியம்தான்.

நான்கு வருடத்துக்கு முந்தைய மார்கழி ஞாபகம் வந்தது. மெட்ராஸ் கச்சேரி நேரலை விட்டுவிட்டு வருகிறதென்று அப்போதிருந்த டெக்னீஷியனிடம் தனி லைன் கேட்டவன் நான்தான். எங்கிருந்து உருவினான் என்று விசாரிக்கவில்லை.

“நான்தாம்மா போடச் சொன்னேன்” என்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவள் கேபிளை உரிய இடத்தில் செருகி, மறுபடி மாற்றினாள். இந்த முறை கேஷுவால்டியிலிருந்து போன் வரவில்லை. இரண்டாவது பெட்டி ஓட ஓட, முதல் பெட்டியையும் புதுப்பித்து முடித்தாள்.

திங்கட்கிழமை டைரக்டர் இருவரையும் கூப்பிட்டு, அந்த ஒரு நிமிடம் ஏன் நின்றது என்று கேட்டார். ஆஸியா தரையைப் பார்த்தபடி நின்றாள். அவள் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று தெரிந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

“நாலு வருஷமா நாம ஒத்தைப் பெட்டியிலதான் ஓடிண்டிருந்தோம் சார், என்னால” என்றேன். “கண்டுபிடிச்சது இந்தப் பொண்ணு.”