பத்தொன்பதாவது பெயர்

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

ஆனால் ஒன்று. வில்டா ஹோக் கதை கட்டுகிற ஆள் இல்லை. பென்சில்வேனியாவின் தெற்குப் பக்கத்தில் முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ரோடு எது, பள்ளம் எது என்று தெரியாமல் பனி மூடிய காலையிலும், ஏழு பத்துக்கு முதல் நிறுத்தம் என்றால் ஏழு பத்துக்கு அங்கே நிற்பாள். எதையும் மணி பார்த்துத்தான் சொல்வாள். இதில் வரும் மணிக் கணக்கெல்லாம் அவள் சொன்னதுதான். ஒரு நிமிஷம்கூட நான் சேர்க்கவில்லை.

ஓய்வு பெற்றதும் நிம்மதியாக இருந்திருக்கலாம். இருக்க விடவில்லை.

ஊருக்கு வெளியே ஒரு மேடு. மக்காச்சோள வயலுக்கு நடுவே ஏழு கல்லறைக் கற்கள். ஹோக் குடும்பத்தின் முன்னோர்கள். நிலம் எப்போதோ கைமாறிவிட்டது. இப்போது அங்கே ஒரு பெரிய சரக்குக் கிடங்கு வரப்போகிறது. கற்களைப் பிடுங்கி, எலும்புகளைப் பெட்டியில் போட்டு, பொதுக் கல்லறையில் ஒரு மூலையில் வைத்துவிடுவதாகத் திட்டம். வில்டா ஊராட்சி மன்றத்தில் போய்ச் சண்டை போட்டாள். அங்கே சொன்னார்கள்:

"சுதந்திரப் போர்ல சண்டை போட்டவர் யாராவது அங்க புதைஞ்சிருக்காருன்னு காட்டுங்க, அம்மா. அந்த மேட்டைத் தொட மாட்டோம்."

அப்படி ஒருவர் இருந்தார். கான்ராட் ஹோக். வில்டாவின் அப்பா சொல்வார், அவருடைய அப்பா சொல்வார், எல்லோரும் சொல்வார்கள். 1777-ல் அமெரிக்கா பிரிட்டனோடு மோதியபோது ஊர்ப்படையோடு போனவர் கான்ராட்.

"சொல்றது சரி. காகிதம் எங்க?" என்றார்கள்.

அங்கே பிடித்தது சனி.

இரண்டு வருஷம் தேடினாள். கான்ராட் பெயர் கிடைக்காமல் இல்லை. கிடைத்துத் தொலைத்தது, அதுதான் பிரச்சினை. ஒரு ஏட்டில் ஹோக். இன்னொன்றில் ஹாக். மூன்றாவதில் ஹவுக். ஒரு குமாஸ்தா குடித்துவிட்டு எழுதினானோ என்னவோ, 'கூக்' என்று எழுதி வைத்திருந்தான். எல்லாவற்றையும் பிரதி எடுத்து, முத்திரை வாங்கி, மன்றத்துக்கு அனுப்பினாள். திரும்பி வந்தது. 'பதிவேட்டில் பெயர் இருப்பது, போருக்குப் போனதற்கு ஆதாரம் அல்ல.' மறுபடி அனுப்பினாள். மறுபடி அதே கடிதம். அதே வாக்கியம். கீழே கையெழுத்து மட்டும் வேறு.

"அந்த ஏட்டுல ஊர்ல இருந்த எல்லா ஆம்பளைங்க பேரும் இருக்கும் தங்கம்," என்றாள் மாவட்ட ஆவணக் காப்பகத்து ரோடா வென்ட்ஸ். எழுபது வயது. கழுத்தில் மூக்குக் கண்ணாடி, கையில் எப்போதும் உப்பு தூவிய பிரெட்சல் பிஸ்கட். "நொண்டி பேரு, குருடன் பேருகூட இருக்கும். கிளம்பிப் போனவங்க பட்டியல் வேணும் உங்களுக்கு."

"அது எங்க இருக்கு?"

"தெரிஞ்சா நான் ஏன் இங்க உக்காந்து பிரெட்சல் தின்னுட்டு இருக்கேன்?"

கடைசி விசாரணை நவம்பரில், ஒரு வியாழக்கிழமை. மாலை ஏழு மணிக்கு. அன்று மதியம் ரோடாவே கூப்பிட்டாள். மேல்தட்டில், பழைய ஏட்டைப் படம் எடுத்த ஒரு மைக்ரோஃபிலிம் சுருள் அகப்பட்டதாம். அட்டையில் தலைப்பு இல்லை. உள்ளே 1777 குளிர்காலம், ஊர்ப்படை, பெயர்ப் பட்டியல்.

வில்டா போய்ச் சேர்ந்தது 2:25.

வாசிப்பு அறை சின்னது. ஒரே கதவு. ஜன்னல் இல்லை. தரையில் தடிமனான சாம்பல் நிறக் கம்பளம். மூன்று படச்சுருள் கருவிகள், அதில் இரண்டு பழுது. வேறு யாரும் இல்லை. ரோடா வெளியே தன் மேஜைக்குப் போய்விட்டாள்.

வில்டாவுக்குக் கண் கொஞ்சம் மங்கல். பெயரைப் படித்து, எழுதி, மறுபடி திரையைப் பார்ப்பதற்குள் வரி தப்பிவிடும். அதனால் தம்பி கர்ட்டிஸுக்குப் போன் போட்டாள். அவன் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். இவள் வாசிக்க வேண்டியது, அவன் தட்டச்சு செய்ய வேண்டியது. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தாள்.

"சீக்கிரம் படி. ஏழு மணிக்கு மன்றத்துல என்னையும் வந்து நிக்கச் சொல்லியிருக்கே," என்றான் கர்ட்டிஸ்.

"ரெண்டு வருஷமா நான் ஓடறேன். உனக்கு ஒரு மணி நேரம் வலிக்குதா?"

"இருநூறு வருஷமா படுத்துக் கிடக்கறவருக்கு இல்லாத அவசரம் உனக்கு."

"தட்டுடா, வாயை மூடிக்கிட்டு."

2:40-க்கு ஆரம்பித்தாள்.

"ஒண்ணு. யோஸ்ட் கெர்பர்."

தொம்.

கனமான ஒரு காலடி. ஒரே ஒன்று. மாடியில் யாரோ நடக்கிறார்கள் என்று நினைத்தாள்.

"ரெண்டு. மெல்கியோர் ப்ராம்."

தொம்.

"மூணு. டேவால்ட் ரூப்."

தொம்.

எரிச்சலாக வந்தது அவளுக்கு. ஆவணக் காப்பகத்தில் என்ன இப்படிக் குதிக்கிறார்கள்? ஆறாவது பெயர் வரை பொறுத்தாள். அப்புறம்தான் ஒன்று உறைத்தது. ஒரு பெயருக்கு ஒரு காலடி. அவள் நிறுத்தினால், அதுவும் நின்றது.

இன்னொன்றும் உறைத்தது. அந்தக் கட்டடத்துக்கு மாடி கிடையாது.

குனிந்து தரையைப் பார்த்தாள். கம்பளம். அதில் எந்தப் பூட்ஸ் போட்டு மிதித்தாலும் அந்தச் சத்தம் வராது. அது உறைந்து இறுகிய மண்ணில் கால் ஊன்றுகிற சத்தம்.

வேறு யாராக இருந்தாலும் எழுந்து போயிருப்பார்கள். வில்டா மணியைப் பார்த்தாள். 2:52. விசாரணைக்கு நாலு மணி நேரம்தான். குழாய்ச் சத்தமாக இருக்கும், வெப்பக் குழாய்... என்று சொல்லிக்கொண்டு, ஏழாவது பெயரைப் படித்தாள்.

பதினொன்றாவது பெயரில் கர்ட்டிஸ் நிறுத்தினான்.

"வில்டா... அங்க உன்கூட யாரு?"

"யாருமில்ல."

"விளையாடாதே. நிறையப் பேர் இருக்காங்க."

"ஒரு ஈ காக்கா இல்ல இங்க. ஏன்?"

"நீ ஒரு பேர் சொன்னா, ஒருத்தன் 'ஆஜர்'ங்கறான். அடுத்த பேருக்கு வேற ஒருத்தன். ஒவ்வொண்ணும் வேற வேற குரல்."

வில்டா திரும்பிப் பார்த்தாள். மூன்று நாற்காலிகள். மூடிய கதவு. அவ்வளவுதான்.

"எனக்கு அப்படி எதுவும் கேக்கல. லைன்ல கோளாறு."

"கோளாறு ஜெர்மன்ல பேசுமா? நம்ம அப்பா வீட்ல பேசுவாரே, அந்தப் பழைய ஜெர்மன்..."

அறையில் ஒரு வாடை வந்தது. நனைந்த கம்பளித் துணியின் வாடை. பேருந்தில் முப்பத்தோரு வருஷம், மழைநாள்தோறும் அவள் முகர்ந்த வாடைதான். ஆனால் அதில் வேறு ஏதோ கலந்திருந்தது. புளித்துப்போன ஏதோ ஒன்று.

"நான் படிக்கறேன். நீ தட்டு."

"வில்டா..."

"ரெண்டு வருஷம், கர்ட்டிஸ்! ரெண்டு வருஷம்! தட்டு!"

பன்னிரண்டு. தொம். பதின்மூன்று. தொம். கருவியின் கைப்பிடியைச் சுற்றும்போது 'கிரீச்... கிரீச்...' என்றது. விரல் விறைத்தது. வாய் திறந்தால் மூச்சு புகையாக வந்தது.

பதினெட்டு. லோரன்ஸ் ஷூக்.

தொம்.

அடுத்த வரி.

அவள் கண் அதில் நின்றது. கோணல்மாணல் இல்லை. மாற்றெழுத்து இல்லை. தெளிவாக, அழகாக... கான்ராட் ஹோக்.

மணி 3:12.

"கர்ட்டிஸ்! இருக்குடா! பத்தொன்பது! கான்ராட் ஹோக்!"

சத்தம் இல்லை.

காலடி இல்லை.

"கேட்டுதா? கான்ராட் ஹோக்!"

"கேட்டுது," என்றான் கர்ட்டிஸ். குரல் இறங்கியிருந்தது. "இந்தப் பேருக்கு மட்டும்... யாரும் பதில் சொல்லல."

அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது கோபம். இரண்டு வருஷக் கோபம். மன்றத்தான் நம்பவில்லை, அலுவலகத்தான் நம்பவில்லை. இப்போது இவர்களுமா?

"கான்ராட் ஹோக்," என்றாள் மறுபடி.

ஒன்றுமில்லை.

"கான்ராட் ஹோக்!"

ஒன்றுமில்லை.

மேஜையை ஓங்கி அறைந்தாள். "போருக்குப் போனானா இல்லையா? வந்தானா இல்லையா? யாராவது சொல்லித் தொலைங்களேன்!"

திரையின் வெளிச்சம் ஒருமுறை மங்கியது.

அப்புறம்...

சளப்.

பூட்ஸ் இல்லை. வெறுங்கால். ஈரக் கால்.

அவள் நாற்காலிக்கு நேர் பின்னால்.

சளப்.

கழுத்தில் குளிர் பட்டது. மூச்சுக்காற்று. உள்ளே இழுத்தது... வெளியே விட்டது... பக்கத்தில். மிகப் பக்கத்தில்.

அவளால் திரும்ப முடியவில்லை.

கண்ணை மட்டும் போன் பக்கம் திருப்பினாள்.

"கர்ட்டிஸ்...?"

"வெளிய வா."

"என்ன..."

"வெளிய வா, வில்டா. திரும்பிப் பாக்காதே. வா."

போனை எடுத்தாள். நடந்தாள். கதவு ஏழு அடி தூரம். ஏழு அடியும் பின்னால் சளப், சளப் என்று வந்தது.

கதவைத் திறந்தாள்.

நின்றது.

மணி 3:16.

ரோடா நிமிர்ந்து பார்த்தாள். "என்ன தங்கம், சுண்ணாம்பு மாதிரி இருக்கீங்க? கிடைச்சுதா இல்லையா?"

"கிடைச்சுது," என்றாள் வில்டா.

ரோடா உள்ளே போய், அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, முத்திரை போட்டுக் கொடுத்தாள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது ஒன்று மட்டும் சொன்னாள்: "உங்க நாற்காலிக்குப் பின்னால கம்பளம் சொதசொதன்னு இருக்கு. தண்ணி பாட்டில் எல்லாம் உள்ள கொண்டு போகக் கூடாதுங்க."

வில்டா தண்ணீர் கொண்டு போயிருக்கவில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் காருக்குள் உட்கார்ந்து, எல்லாக் கதவையும் பூட்டிக்கொண்டு கேட்டாள்: "என்னடா கேட்டுது உனக்கு?"

கர்ட்டிஸ் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "ஒருத்தன் பேசினான். ரொம்ப மெதுவா. 'நான்தான் வந்தேன். அவன் வரல.'"

"அப்படின்னா?"

"எனக்கென்ன தெரியும்? அதோட நீ என்னைக் கூப்பிட்டே."

அன்று மாலை ஏழு மணிக்கு அவள் மன்றத்தின் முன் நின்றாள். கையில் முத்திரை போட்ட காகிதம். இரண்டு வருஷம் அலைந்து வாங்கிய காகிதம். கொடுக்கலாமா வேண்டாமா என்று கை ஒரு நொடி தயங்கியதாம். கொடுத்துவிட்டாள். யார் என்ன கேட்டுவிட்டார்கள்? போனில் கேட்ட ஒரு குரலைச் சொன்னால் சிரிப்பார்கள். 7:50-க்குத் தீர்ப்பு. மேட்டைத் தொட மாட்டார்கள். கைதட்டினார்கள். ஏப்ரலில் கான்ராட் கல்லுக்குப் பக்கத்தில் வெண்கலப் பட்டயம் நட்டார்கள். 'சுதந்திரப் போர் வீரர்' என்று. சின்னக் கொடியும் வைத்தார்கள்.

மே மாதம் ரோடா போன் செய்தாள்.

"அந்தச் சுருளோட மூலக் காகிதம் வேற ஒரு பெட்டியில இருந்து வந்துச்சு. படம் எடுத்தவன் முதல் தாளை விட்டுட்டான். தலைப்பு அந்தத் தாள்லதான் இருக்கு."

"என்ன தலைப்பு?"

ரோடா தொண்டையைச் செருமினாள். "அது கிளம்பிப் போனவங்க பட்டியல் இல்ல. பாசறையில காய்ச்சல் வந்து செத்து, அங்கயே புதைச்சவங்க பட்டியல். பட்டியல்ல இருக்கற இருபத்தேழு பேரும். 1778 பிப்ரவரிக்குள்ள."

வில்டா கணக்குப் போட்டாள். கான்ராட் ஹோக் செத்தது 1812-ல். தன் வீட்டில், தன் கட்டிலில், எழுபத்தொரு வயதில். அந்தக் கல்லிலேயே செதுக்கியிருக்கிறது. அவருக்குக் கடைசிக் குழந்தை பிறந்ததே 1785-ல்தான். அந்தக் குழந்தையின் வழியில் வந்தவள்தான் வில்டா.

"அப்ப செத்தது யாரு?"

"அந்தக் காலத்துல போக இஷ்டமில்லாதவன் தனக்குப் பதிலா ஒரு ஆளை அனுப்பலாம். அனுப்பப்பட்டவன், அனுப்பினவன் பேருலயே போய் நிப்பான் சில நேரம். அவன் சொந்தப் பேரை யாரும் எழுதறதில்ல."

வில்டா விடவில்லை. மன்றத்துக்குப் போய் உண்மையைச் சொன்னாள். பட்டயத்தை எடுத்துவிடுங்கள், அது கான்ராடுக்கு உரியது இல்லை என்றாள். தலைப்புத் தாளைக் காட்டினாள். அதைக் கையில்கூட வாங்கவில்லை அவர்கள்.

"கோப்பை மூடியாச்சு, அம்மா. உங்களுக்குச் சாதகமாத்தானே முடிஞ்சுது? விடுங்க."

பட்டயம் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

மன்றத்திலிருந்து திரும்பிய அன்று இரவுச் சாப்பாட்டில் இதையெல்லாம் அவள் கர்ட்டிஸிடம் திட்டித் தீர்த்தாள். அவன் தட்டை நகர்த்தி வைத்தான். சாப்பிடவில்லை.

"நான் உன்கிட்ட முழுசா சொல்லல," என்றான்.

"எதை?"

"அன்னிக்கு போன்ல பேசினானே, அவன் இன்னொண்ணும் கேட்டான். நீ நடந்து வர்றப்ப, கதவு வரைக்கும் கேட்டுக்கிட்டே வந்தான். அதே கேள்வியை, திரும்பத் திரும்ப."

"என்ன கேட்டான்?"

கர்ட்டிஸ் நிமிரவில்லை.

"'ஏன் அவன் பேரையே கூப்பிடறே?'"