ட்ரோன் செய்முறையில் பெயில்

எங்கள் கல்லூரியில் பெயர்ப்பலகை மாறும், பேராசிரியர் மாறமாட்டார். பியோ ஜோங்உக் முதலில் சுற்றுலாத் துறைக்குத் தலைவர். பிள்ளைகள் சேரவில்லை என்றதும் மெட்டாவர்ஸ் துறைக்குத் தலைவர். அதுவும் படுத்துவிட்டது, இப்போது ட்ரோன் துறைக்குத் தலைவர். மூன்றுக்கும் சான்றிதழ் அச்சடித்துக் கொடுத்தவள் அலுவலகத்தில் இருக்கும் நான். ஒரு மாதத்தில் கை பழகிவிடும் வேலைக்கு இரண்டு வருடப் பட்டம் தருகிறோம். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

இங்கே மாணவராகச் சேர்ந்தபோது தக் மான்சொப்புக்கு ஐம்பத்தெட்டு வயது. கிம்ஜே சமவெளியில் ஏழு வருடமாக ஊரார் வயலுக்கெல்லாம் ட்ரோனில் மருந்து அடித்து வந்தவர். மாவட்ட வேளாண் மையத்தில் ட்ரோன் பயிற்சியாளர் இடம் காலியாகப் போகிறது, அதற்குப் பட்டம் வேண்டும் என்றார்கள். அதற்காகவே வந்தார். பியோவோ திரையில் படம் போட்டு நாலாவது தொழிற்புரட்சி என்று மணிக்கணக்கில் அளந்தார். உடைந்தால் யார் பதில் சொல்வது என்று கல்லூரி ட்ரோன்கள் அலமாரியில் பூட்டியே கிடந்தன.

கடைசி வருடம் செப்டம்பரில் நெல்லில் புகையான் பூச்சி விழுந்தது. மூன்று வாரம் தக் விடிந்தது முதல் பொழுது அடைகிற வரை வயல்களுக்கு மேல் ட்ரோன் விட்டார், வகுப்புக்கு வரவில்லை. வருகை போதாது என்று பியோ அவரைப் பெயிலாக்கினார். எந்தப் பாடத்தில்? ட்ரோன் செய்முறையில். பறந்த நேரத்தையெல்லாம் எழுதி, வயல்காரர்களிடம் கையெழுத்தும் வாங்கி வந்து தக் நீட்டினார்.

"வயல்ல பறந்ததெல்லாம் கணக்குல வராது, மாணவரே. வகுப்புல உக்காந்தாத்தான் வரும்," என்றார் பியோ.

நவம்பரில் அமைச்சகத்திலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். ஒன்றைப் பறக்கவிடுங்கள் பார்ப்போம் என்றார் அதிகாரி. பியோ புத்தம்புதுப் பெட்டியைப் பிரித்து, இறக்கைகளை இடம் மாற்றி மாட்டி, விசையைத் தள்ளினார். ட்ரோன் கிளம்பிய இடத்திலேயே கவிழ்ந்தது. பியோவின் கண் கூட்டத்தில் தக்கைத் தேடியது.

"அண்ணாச்சி, நீங்க கொஞ்சம் காட்டுங்களேன்."

நேற்று வரை மாணவர், இன்று அண்ணாச்சி. தக் இறக்கைகளைக் கழற்றிச் சரியாக மாட்டினார். அடித்த காற்றில் மைதானத்தைச் சுற்றவிட்டு, எடுத்த இடத்திலேயே இறக்கினார். இவர் மதிப்பெண் என்ன என்று அதிகாரி என்னிடம் கேட்டார். பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

எழுத்துப் பிழை, இப்போதே திருத்திவிடுகிறேன் என்று பியோ பேனாவை எடுத்தார்.

"வேண்டாம் சார்," என்றார் தக். "நீங்க பாஸ் போட்டதுன்னு தெரிஞ்சா, ஊர்ல எவன் என்னைய நம்பி வயலக் குடுப்பான்?"

ஆய்வறிக்கையில் துறைக்குச் செய்முறைப் பயிற்சி சிறப்பு என்று வந்தது. பயிற்சியாளர் இடம், போன வருடம் எங்களிடம் பட்டம் வாங்கிய ஒருவருக்குப் போனது. முதல் வகுப்புக்கு முந்தின ஞாயிறு அவர் தக்கைத் தேடி வயலுக்குப் போய், எந்த இறக்கையை எங்கே மாட்டுவது என்று கேட்டிருக்கிறார். தக் சொல்லிக் கொடுத்தாராம்.