உட்கார்ந்திருப்பவளை எழுதுகிறவர்

"அவள் எழுந்திருக்கவில்லை. அவள் எழுந்திருக்கவில்லை" என்று மரத்தின் மேலிருந்து குரல் வருகிறது. கீழே ஆடு ஓட்டிப் போகிறவர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. கண்ணாயிக்குக் கதையில் ஒரு வரி கிடைத்துவிட்டது என்று அவர்களுக்குத் தெரியும். ஒற்றை மூங்கில் ஏணியில் இருபதடி உயரத்தில் நின்று, மிளகுச் சரங்களைக் கிள்ளி இடுப்புப் பைக்குள் போட்டபடி, இறங்கும்வரை அந்த வரியைச் சொல்லிக்கொண்டே இருப்பார். இறங்கியதும் கையை முந்தானையில் துடைத்து, ஏணிக்கடியில் கிடக்கும் நோட்டில் பென்சிலால் அதை எழுதிவிட்டு, அடுத்த மரத்துக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

கொல்லிமலையில் ஆலத்தூர் நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூர்க்காரர். வயது நாற்பத்தேழு. கணவர் மாதன். இரண்டு ஏக்கரில் மரவள்ளி, கொஞ்சம் சாமை, மரத்துக்கு மரம் மிளகுக்கொடி. மகள் யமுனா நாமக்கல்லில் நர்சிங் படிக்கிறாள். கண்ணாயி எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆனால் அந்த வகுப்பின் வருகைப் பதிவேட்டை இன்னும் மறக்கவில்லை. தன் கதைகளின் நாயகிகளுக்கு அதிலிருந்துதான் வரிசையாகப் பெயர் எடுக்கிறார். முதல் கதையில் அத்தாயி, பிறகு பரிமளா, பாப்பாயி, பானுமதி. "இப்ப பூங்குழலிங்க. அவளுக்கப்புறம் ராதிகா ஒருத்திதான் பாக்கி" என்று என்னிடம் சற்றுக் கவலையோடுதான் சொன்னார்.

நான் சேலத்திலிருந்து வரும் ஒரு சிறு மாத இதழில் கதை பொறுக்குகிறவன். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. எனக்கென்று சில சிவப்பு மைக் குறிப்புகள் உண்டு; அவற்றில் நான் அதிகம் எழுதியது 'நாயகி எதுவும் செய்வதில்லை' என்பதுதான். கண்ணாயியின் நாயகிகள் என் குறிப்புக்கென்றே பிறந்தவர்கள். அத்தாயி பலா மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். பழம் பழுக்கும், விழும். பரிமளா சோளக்காடு என்ற ஊரின் சந்தையில் பஸ்ஸுக்கு உட்கார்ந்திருப்பாள். பஸ் வரும், போகும், அடுத்த பஸ்ஸும் வரும், போகும். கண்டக்டரே இறங்கி வந்து கேட்டுவிட்டுப் போவார். நாலு கதையையும் நான் திருப்பி அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் மறுவாரமே தபாலில் அடுத்த கதை வந்துவிடும்.

ஐந்தாவது கதையில் பூங்குழலி ஒரு பாறை மேல் உட்கார்ந்திருந்தாள். பதினோரு பக்கம். மாமியார் கூப்பிடுகிறார், கட்டுத்தறியில் மாடு கத்துகிறது, பிள்ளை வந்து சீலையை இழுக்கிறது. அவள் எழுந்திருக்கவில்லை. உள்ளதைச் சொன்னால், நடை அழகாக இருந்தது. பாறையின் சூடு என் முதுகிலேயே உறைத்தது. அதனால் இந்தத் தடவை குறிப்போடு விடாமல் நீளமாகவே ஒரு கடிதம் எழுதினேன். கதையின் மையத்தில் இருப்பவள் ஏதாவது செய்ய வேண்டும், சும்மா இருக்கிறவளோடு வாசகர் எவ்வளவு நேரம்தான் கூட இருப்பார், அவளைச் செய்ய வையுங்கள், நிச்சயம் போடுகிறேன் என்று. எழுதி முடித்தபோது எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

திருத்திய பிரதி பத்து நாளில் வந்தது. பூங்குழலி கோழி கூவ எழுந்து சாணி அள்ளுகிறாள். தண்ணீர் எடுக்கிறாள். ராகி அரைக்கிறாள், களி கிண்டுகிறாள், மரவள்ளி பிடுங்குகிறாள், விறகு உடைக்கிறாள், மாமியாருக்குக் கால் பிடித்து விடுகிறாள். பதினேழு பக்கம். பாறை கதையிலேயே இல்லை. கடைசியில் பென்சிலில் ஒரு குறிப்பு: "இதற்கு மேல் அவளால் செய்ய முடியாது ஐயா. இதுவும் ஆகாதென்றால் சொல்லிவிடுங்கள், எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன்."

முதலில் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரருக்குப் படித்துக் காட்டும்போது கடைசி வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. நான் கேட்டது ஒன்று, அவருக்குக் கேட்டது வேறு. தபாலில் விளக்கினால் இன்னொரு பதினேழு பக்கம் வருமோ என்று பயமாக இருந்தது. அந்தச் சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் வயிற்றில் வாங்கிக்கொண்டு சோளக்காட்டில் இறங்கி, வேறு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. வாசல் முழுக்கத் தார்ப்பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. கண்ணாயி என்னைத் தாழ்வாரத்துக் கட்டிலில் உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு கையால் மிளகைத் துழாவியபடி பேசினார். பேச்சின் நடுவே காப்பி வந்தது, கோழி விரட்டப்பட்டது, கொடியிலிருந்து துணி எடுக்கப்பட்டது. செயப்பாட்டு வினையில் எழுதுகிறேனே தவிர, எல்லாவற்றையும் செய்தவர் அவர் ஒருவர்தான். மாதன் நல்ல மனிதர். என்னைக் கண்டதும் சிரித்தார், பிறகு கயிறு திரிக்கப் போய்விட்டார்.

நான் விளக்கினேன். வீட்டு வேலையைச் சொல்லவில்லை, அவளாக ஒன்றை விரும்பி அவளாக ஒரு முடிவு எடுக்க வேண்டும், அதைத்தான் செய்வது என்று எழுதினேன் என்றேன். கண்ணாயி துழாவுவதை நிறுத்தினார். நான் ஏதோ தெரியாமல் பேசுகிறேன் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க சார், நாலு பக்கமும் கூப்புடறாங்க. எந்திரிக்காம உக்காந்திருக்கறா. அதச் செய்யறது அவதானுங்களே?"

அவரே தொடர்ந்தார்.

"எனக்கு ஒரு நாளும் ஆவலீங்க. உக்காரலாம்னு தோட்டத்துல போயி உக்காந்திருக்கேன். கூப்புட்ட சத்தம் காதுல உழறதுக்கு முந்தி காலு எந்திரிச்சுருது. அந்தப் புள்ளைக்காச்சும் ஆவட்டும்னுதானுங்க எழுதறது."

கோபமாகச் சொல்லவில்லை. மிளகு ஈரமாக இருக்கிறது என்பதைச் சொல்வதுபோல்தான் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. பஸ்ஸை விட்டுவிட்ட பரிமளா, சந்தையில் கால்நீட்டி உட்கார்ந்துகொண்டு எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறாள்! கூப்பிடும் குரல் கேட்காத காதை வைத்துக்கொண்டு அவளை நான் படித்திருக்கிறேன். சிவப்பு மையால் எத்தனை பேரை இப்படி எழுப்பி வேலைக்கு விரட்டினேனோ தெரியவில்லை.

பாறைக் கதையை அப்படியே அடுத்த இதழில் போடுகிறேன், ஒரு வரியும் மாற்ற வேண்டாம் என்றேன். அவர் துள்ளிக் குதிக்கவில்லை. இன்னொரு பிரதியில் வேலை செய்கிற பூங்குழலியை என்ன செய்வீர்கள் என்று விசாரித்தார். என்னிடமே இருக்கட்டும் என்றதும், "பத்தரமா வெச்சுக்கோங்க, அவளும் நல்லவதானுங்க" என்றார். பிறகு ரொம்பவும் தயங்கி ஒன்று கேட்டார். தன் கதையை இன்னொருத்தர் வாயால் அவர் கேட்டதே இல்லையாம். கொஞ்சம் படித்துக் காட்ட முடியுமா என்றார்.

கட்டிலின் மறுமுனையில் வந்து உட்கார்ந்தார். நான் பையிலிருந்து காகிதங்களை எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். எனக்கு மேடைக்குரல் கிடையாது; இருந்தாலும் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சில இடங்களில் எனக்கு முன்னால் அவர் உதடு அசைந்தது. ஒரு வரியில் நான் 'பாறை' என்பதை விட்டுவிட, கண் திறக்காமலேயே எடுத்துக் கொடுத்தார். கதையில் மாமியார் கூப்பிட்டு முடித்து, மாடு கத்தத் தொடங்கியிருந்தது.

மாசி மாதத்தில் வரக் கூடாத மழை. ஓட்டின் மேல் நாலு சொட்டு விழுந்த சத்தம் கேட்டது. பிறகு எண்ண முடியாதபடி விழுந்தது. வாசலில் கிடந்தது அந்த வருடத்து மிளகு. நான் படிப்பதை நிறுத்தினேன்.

"கண்ணாயி, மெளகு நனையுது பாரு" என்று கொல்லைப் பக்கமிருந்து மாதன் குரல் வந்தது.

கண்ணாயி கண் திறந்து வாசலைப் பார்த்தார். அவருடைய கால் இரண்டும் தரையைத் தேடின, பெருவிரல்கள் ஊன்றிக்கொண்டன. இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். மாதன் மறுபடி கூப்பிட்டார். சிறிது பொறுத்து அவரே ஓடி வந்து, தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கி, மறுமுனைக்கு ஓடி, இரண்டையும் சேர்க்கத் தெரியாமல் தடுமாறினார். அப்படி மடிக்கக் கூடாது என்று கண்ணாயிக்குத் தெரிந்திருக்கும். உதடு ஒருமுறை பிரிந்து மூடியது.

பிறகு சட்டத்திலிருந்து ஒரு கையை எடுத்தார். மிளகுக் கறை ஏறிய விரலை நீட்டி, நான் நிறுத்தியிருந்த வரியின் மேல் வைத்தார்.