அண்ணனின் ரேடியோவில் பொருத்திய சிவப்பு எண்கள்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப் பேருக்கு அவர் ஏலக்காய் ஸ்டோர் மேஸ்திரி. மீதிப் பேருக்கு ரேடியோக்காரர். அவருடன் பிறந்த ஒரே தங்கை நான். நல்லதை மட்டும் எழுதும்படி மதினி கேட்டுக்கொண்டார்கள். முடிந்தவரை முயல்கிறேன்.

அண்ணன் பிறந்தது ராசிங்காபுரத்தில். மானாவாரி நிலம் மூன்று வருடம் தொடர்ந்து பொய்த்ததால் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பச்சைக் காயை உலர்த்தும் ஸ்டோரில் விறகு தள்ளத் தொடங்கியவர், பின்னாளில் அந்த ஸ்டோருக்கே மேஸ்திரி ஆனார். காய் பதமாகக் காய்ந்ததா என்று கண்ணால் பார்க்க மாட்டார். ஒரு கைப்பிடி அள்ளிக் காதருகே குலுக்குவார். அதைத் திறமை என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். திறமையும்தான்.

எழுபதுகளின் நடுவில் பரீட்சை எழுதி, அமெச்சூர் வானொலி லைசென்சு வாங்கினார். கேட்க மட்டுமல்ல, பேசவும் அனுமதி உள்ள ரேடியோ அது. மதுரையில் ஒருவரிடம் பழசாக வாங்கிய வால்வு செட், கள்ளிப்பெட்டி அளவு இருக்கும், ஜீப்பில் மடியில் வைத்துத்தான் கொண்டுபோனார். மதினிக்கும் அவருக்கும் பிள்ளை இல்லை. மலை மேல் மழைக்காலத்தில் பக்கத்து வீட்டு முகம்கூடப் பார்க்க முடியாது. "அந்தப் பொட்டி பேசுற நேரந்தான் வீடு வீடா இருக்கு" என்று மதினியே சொல்வார்கள்.

பேசுவதற்கு எல்லை உண்டு. அண்ணன் பேசிய அலைவரிசையில் அது 7000 முதல் 7100 கிலோசைக்கிள் வரை. வேலி தாண்டினால் அடுத்தவர் நிலம். நாம் எங்கே நிற்கிறோம் என்று காட்ட அந்த ரேடியோவில் இருந்ததெல்லாம், குமிழுக்குப் பின்னால் ஒட்டிய ஒரு காகிதமும் அதில் பென்சில் கோடுகளும்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அரசாங்கக் கடிதம் ஒன்று வந்தது. உங்கள் குரல் எல்லைக்கு வெளியே கேட்டது, விளக்கம் தருக, மறுபடி நடந்தால் லைசென்சு ரத்தாகும் என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போடியிலிருந்து மலை ஏறுவது வழக்கம். என்னை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். மலை ஈரத்தில் ரேடியோ தானாக நகர்ந்துவிடுகிறது, சரிசெய்கிறேன் என்று பதில் எழுதச் சொன்னார். எழுதினேன்.

"இன்னொரு காயிதம் வந்துச்சுன்னா பொட்டிய மூடிற வேண்டியதுதான் ஆத்தா" என்றார். ஆத்தா என்றுதான் என்னைக் கூப்பிடுவார். அதன்பின் பல மாதம் வெறுமனே கேட்டுக்கொண்டு இருந்தாரே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் ஊமையாக உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

நிற்கும் இடத்தை எண்ணாலேயே காட்டும் கருவி ஒன்று உண்டு. கடையில் வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. ஒரு பத்திரிகையில் வந்த வரைபடத்தைப் பார்த்து நாங்களே செய்தோம். ஐ.சி. சில்லுகள் சென்னையிலிருந்து தபாலில் வந்தன. ரேடியோவிலேயே பழகிய மதுரை நண்பர் ஒருவர், எண் பிசகாமல் இருக்கப் படிகம் ஒன்றைத் தபாலில் அனுப்பிக் கொடுத்தார். பெட்டி, பழைய பிஸ்கட் டப்பா. ஈயம் பற்றவைத்தது முழுக்க நான். "என் கை நடுங்குது, நீயே வையி" என்றார். ஏலக்காய்க் காம்பை நொடியில் கிள்ளும் கைக்கு என்ன நடுக்கம் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. எண் விளக்கு வாங்கும்போது மட்டும் பிடிவாதம் பிடித்தார். சின்னது மலிவாகக் கிடைத்தும், பெருவிரல் அகலச் சிவப்பு எண்கள்தான் வேண்டும் என்றார்.

"என்னண்ணே, போடி பஸ் ஸ்டாண்டுக்கா மாட்டப் போற?" என்று கேலி செய்தேன். சிரித்துக்கொண்டார்.

முதன்முதலில் போட்டபோது 7515 என்று காட்டியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அய்யய்யோ அண்ணே, எல்லையத் தாண்டி எங்கயோ நிக்குது!"

"சாக்கைக் கழி ஆத்தா. மூட்டையோட நிறுத்தா சாக்கு எடையும் சேர்ந்துதானே வரும்?"

அந்த ரேடியோ உள்ளுக்குள் 455 கூட்டித்தான் ஓடுமாம். அதைக் கழித்துக் காட்டவைக்க இன்னும் நாலைந்து சில்லு வேண்டும். நாமே கழித்துக்கொண்டால் செலவு மிச்சம். 7515-இல் 455 போனால் 7060, எல்லைக்குள்தான். டப்பாவின் மேல் 'சாக்கு 455' என்று எழுதி ஒட்டினேன்.

அடுத்த ஞாயிறு, ரேடியோ எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க, காலைக் கஞ்சியிலிருந்து மதியச் சாப்பாடு வரை ஓடவிட்டேன். "அந்தச் சோலிய விட்டுட்டு வெரசா வாங்க, குழம்பு ஆறுது" என்று மதினி இரண்டு தடவை கூப்பிட்டார்கள். வெளியே விடாத சாரல். எண் அசையவே இல்லை. நகர்கிறது என்று நாங்கள் அரசாங்கத்துக்கு எழுதிக்கொடுத்த ரேடியோ, ஆணி அடித்த மாதிரி நின்றது.

எனக்குக் குழப்பம். "அண்ணே, பழைய காயிதக் கோட்டப் பாத்து ஏழாயிரத்து எண்பதுல நிப்பாட்டு" என்றேன். திருப்பினார். எண் 7566. சாக்கைக் கழித்தால் 7111. மறுபடி செய்யச் சொன்னேன். வேறொரு எண் வந்தது.

"அண்ணே, கோடு தெரியுதா ஒனக்கு?"

அடுப்படியில் மதினியின் கரண்டிச் சத்தம் நின்றது. அண்ணன் குமிழிலிருந்து கையை எடுத்தார்.

"ரெண்டு வருசமா தெரியல ஆத்தா. இந்தச் செவப்பு எழுத்துத் தெரியுது."

அவருக்கும் ரேடியோ நகர்வதாகத்தான் நம்பிக்கை இருந்திருக்கிறது. தன் கண்ணைவிட ரேடியோவைச் சந்தேகிப்பது எளிதல்லவா? நான் அழுதேன். அவர் அழவில்லை. "முதல்ல எழுதினது பொய்யாப் போச்சு. திருத்தி எழுதணும்" என்று காகிதத்தை எடுக்கச் சொன்னார். ரேடியோவின் மேல் குறை இல்லை, என் கண் பார்வை மங்கியதால் தவறாகப் படித்தேன், இப்போது எண் காட்டும் கருவி பொருத்தியிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போனார்.

எனக்குத் தெரிந்த லைசென்சு, ஜீப்பு லைசென்சு ஒன்றுதான். எங்கள் சித்தப்பா மெட்டு ரோட்டில் ஜீப்பு ஓட்டியவர். கண் சோதனையில் தேறாமல் லைசென்சு போய், வீட்டோடு முடங்கிக் கிடந்ததைப் பார்த்தவள் நான். அதனால் கண்ணைப் பற்றிய வரியை எழுதவில்லை. கருவி பொருத்தியதை மட்டும் எழுதினேன். படித்துக்காட்டும்போது அந்த வரியும் இருப்பதாகவே படித்தேன். கையெழுத்துப் போடும் இடத்தை விரல் வைத்துக் காட்டினேன். போட்டார்.

ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. அண்ணன் முகத்தில் அப்படியொரு தெளிவு. "பாத்தியா, உள்ளதச் சொன்னா ஒண்ணும் செய்ய மாட்டாக."

"ஆமாண்ணே" என்றேன். அத்தோடு விட்டேனா? "கண்ணு சமாச்சாரத்த ரேடியோவுல யாருகிட்டயும் பேசிராத. பெரிசாக்கிருவாக" என்றும் சொல்லிவைத்தேன். என் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்ற பயம். சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார்.

சில ஆண்டுகள் சிவப்பு எண்கள் தெரிந்தன. பிறகு மதினி எண்ணைப் படிக்க, அவர் குமிழைத் திருப்பினார். அண்ணனைவிட வேகமாகச் சாக்கைக் கழிக்க மதினி பழகிவிட்டார்கள். அதன்பின் அண்ணன் ஒருநாளும் எல்லை தாண்டவில்லை. போன வருடம் சாரல் நாளொன்றில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஜீப்பு போடி வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அந்த ஜீப்பை மழையில் இறக்கிவந்த ஓட்டுநர் தம்பிக்கும், தோட்டத்து வேலையை நிறுத்திவிட்டு லோடு வண்டியில் இறங்கி வந்த ஆண்கள் பெண்கள் அனைவருக்கும், மதினியை மூன்று மாதம் தனியே படுக்கவிடாத பக்கத்து லயத்து வீட்டு மலையாளச் சேச்சிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் மதுரையிலிருந்து ரேடியோ நண்பர்கள் வந்தார்கள். அண்ணனோடு தினமும் பேசியவர், அந்தப் படிகத்தைக் கொடுத்தவர், ஒருவரின் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ்சை விட்டு இறங்கினார். அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. அது எங்கள் யாருக்கும் தெரியாது. அண்ணனும் பார்வை இழந்திருந்ததைச் சொன்னபோது அவர் திகைத்துப்போனார்.

"ஒங்களுக்கு லைசென்சு எப்படிக் குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"கண்ணுக்கும் இதுக்கும் என்னம்மா? விண்ணப்பத்துலயே எழுதித்தான் குடுத்தேன். எத்தனை வருசம் பேசினோம். மழை, வெயிலு, ஏலக்கா வெல, எல்லாம் பேசினாரு. இத மட்டும் சொல்லலையே. சொல்லியிருந்தா, எப்படிச் சமாளிக்கிறதுன்னு நான் ஒவ்வொண்ணா சொல்லியிருப்பேனே."

அவரிடம் அன்று வாய் திறக்க முடியவில்லை. இந்த மலரை யாராவது அவருக்குப் படித்துக்காட்டுவார்கள். ஐயா, அண்ணன் உங்களிடம் மறைக்கவில்லை. அவர் வாயைக் கட்டியவள் நான்தான்.