பதில் எழுதாத கட்டம்

உறையை அவர் கிழிப்பதில்லை. அடிக்கோலை மடிப்புக்குள் நுழைத்து ஒரே இழுப்பில் திறப்பார். கடிதத்தை எடுத்த பிறகு, உள்ளே ஏதாவது தங்கிவிட்டதா என்று வெறும் உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அப்புறம்தான் தேதி முத்திரை, வரிசை எண், கோப்பு. "வீட்டைப் பத்தி எழுதறவங்க ஒரு துண்டுக் காகிதம் தனியா வைப்பாங்க. அதுலதான் விஷயமே இருக்கும்" என்பார்.

சட்டமன்றக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், நீதி மற்றும் சொத்துச் சட்டங்களைப் பார்க்கும் குழுவின் சுருக்கெழுத்தர் அவர். வயது ஐம்பத்து மூன்று. கூட்டம் நடந்தால் பேசுவதை எழுதுவார். நடக்காத நாளில் கடிதம் பிரிப்பார். அலுவலகத்தில் அவருக்கு 'இடைவெளி அக்கா' என்று பெயர். குழுவின் முன் பேச வந்தவர் அழுதுவிட்டால் பதிவேட்டில் அழுகை என்று எழுதக் கூடாது, அடைப்புக்குறிக்குள் 'இடைவெளி' என்று போட வேண்டும் என்பது அங்கே பழைய விதி. வந்தவருக்குத் தொண்டை அடைக்கும் முன்பே அக்காவின் பென்சில் முந்திக்கொள்ளும் என்று கேலி செய்வார்கள். அக்காவும் சிரிப்பார்.

குழு அடுத்து ஆராயப்போவது வாரிசு வீடுகளைப் பற்றி. பெற்றோர் விட்டுப்போன வீட்டில் ஒரு பிள்ளை பங்கு கேட்டாலும் மொத்த வீட்டையும் ஏலம் விட்டுப் பிரிக்கும் சட்டம் சரிதானா என்று பார்க்கப்போகிறார்கள். தேதி மூன்று முறை தள்ளிப்போனது. உறுப்பினர்களுக்கு அது ஒன்றும் தலைபோகிற காரியம் இல்லை. அக்கா மட்டும் ஒவ்வொரு முறையும் நாட்காட்டியில் பழைய வட்டத்தை அழித்துவிட்டுப் புது வட்டம் போட்டார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. குழுவைப் பற்றி எழுதப் போன பத்திரிகைக்காரன் நான்; பத்திரிகைக்காரன் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் எதிரில் இருப்பவருக்குப் பொறுக்காது. மூன்றாம் நாள் அவரே சொன்னார்.

"அம்மா போனப்புறம் எனக்கும் தம்பிக்கும் வாய்ச்சண்டை. கோவத்துல பங்கு கேட்டு மனு போட்டேன். நானேதான் டைப் அடிச்சேன், ஒரு எழுத்துப்பிழை கிடையாது. அவன் தலைல ஒரு குட்டு வைக்கலாம்னு நினைச்சேன், அவ்வளவுதான். வீடே போயிடும்னு தெரியல."

சட்டக் குழுவில் இருப்பவருக்கே தெரியவில்லையா என்றேன்.

"அடுத்தவங்க வீடுன்னா எல்லாச் சட்டமும் தெரியும்" என்றார்.

அந்த வீட்டில் குடியிருந்த தம்பி, மனைவியோடும் தையல் இயந்திரத்தோடும் வெளியேறிப் பதினோரு வருடம் ஆகிறது. அதோடு பேச்சு நின்றது. அக்கா இரண்டு முறை ஆள் மூலம் சொல்லியனுப்பினார், பதில் இல்லை. அக்கா வேலைக்கு வரும் பேருந்து அந்தத் தெரு வழியாகத்தான் போகும். இன்றும் அவருக்கு வலது பக்க ஜன்னல் இருக்கைதான் வேண்டும். "மாடி ஜன்னலுக்குப் பச்சைத் திரை போட்டிருக்காங்க. நல்லாத்தான் இருக்கு" என்றார். சொன்னவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

பொதுமக்கள் அனுப்பும் படிவத்தின் அடியில் ஒரு கட்டம் உண்டு: குழுவின் முன் நேரில் வந்து பேச விருப்பமா, ஆம், இல்லை. நிரப்பாமல் விட்டிருந்தால், பிரித்தவரே தொலைபேசியில் கேட்டுக் குறிக்க வேண்டும். அக்கா அன்றைய வேலையை அன்றே முடித்துவிடுகிறவர். ஆனால் நூற்றுப் பதினான்காம் எண் கடிதம் மட்டும் ஆறு நாட்களாகப் பேப்பர்வெயிட்டின் கீழ் கிடந்தது.

தம்பியின் கையெழுத்து. 'வீட்டை விற்கும் முன் வாரிசுகளை ஒரே அறையில் ஒரு முறையாவது உட்காரவைக்க வேண்டும். எங்களை யாரும் உட்காரவைக்கவில்லை.' வேறொன்றும் இல்லை. உறைக்குள் துண்டுக் காகிதமும் இல்லை. கட்டம் காலி.

உறுப்பினர்களுக்காக ஒவ்வொரு கடிதத்தையும் இரண்டு வரியில் சுருக்க வேண்டும். "இதை என்னன்னு சுருக்கறது? அவனே சுருக்கிட்டான்" என்றார். "நான் இங்கதான் இருக்கேன்னு அவனுக்குத் தெரியும். வேணும்னு விட்டானா, மறந்துட்டானா? பரீட்சைலயே கடைசிக் கேள்வியைப் பாக்காம எழுந்து வர்றவன் அவன்."

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பேச வருபவர்களின் பட்டியலை மூடிவிடுவார்கள். அன்று மூன்றரைக்குப் பக்கத்து மேசைக்காரி கை நீட்டினாள். "குடுங்கக்கா, நான் கேட்டுடறேன். ஒரு நிமிஷ வேலை."

"என் மேசைக்கு வந்த கடுதாசி. நான்தான் கேக்கணும்."

அப்படி ஒரு விதி இல்லாவிட்டால் இவரே அதை விதிப்புத்தகத்தில் எழுதிச் சேர்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. தம்பி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"எழுதுவேன். எழுதறவ வாயைத் திறக்கக் கூடாது. அரை மணி நேரம் அவன் குரலைக் கேட்டுட்டு இருக்கலாம். அவன் என்னைப் பாக்கணும்னுகூட இல்லை."

பென்சிலைச் சீவினார். சீவிய பென்சிலையே மறுபடி சீவினார். குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணைச் சுழற்றினார்.

"வணக்கம். சட்டக் குழு அலுவலகத்துலேர்ந்து பேசறோம். உங்க படிவத்துல ஒரு கட்டம் விட்டுப்போயிருக்கு. நேர்ல வந்து…"

மற்றவர்களிடம் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும் வாக்கியம் அங்கேயே நின்றது. மறுமுனையில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது.

"அக்கா?"

எனக்கே கேட்டது. அக்கா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். கை மட்டும் பழக்கத்தில் குறிப்பேட்டில் ஓர் அடைப்புக்குறியைத் திறந்து, 'இடைவெளி' என்று எழுதியது. மூடும் குறியைப் போடாமல் பென்சில் அங்கேயே நின்றது.