தூணில் வைத்த பொட்டு

இத்தாலியில் அல்பெர்கேரியா என்ற பகுதியில், சந்தைக்குப் பின்னால் இருக்கும் பழைய கிறிஸ்தவப் பங்குக் கோயிலைப் பதினொரு வருடமாக நான்தான் கூட்டித் துடைக்கிறேன். காலையில் கதவு திறக்கும் சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, என்னிடம்தான் இருக்கும். நான் சைவக்காரி. மார்கழிக் குளிரிலும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவேன். குருவானவருக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பழகிவிட்டது.

உள்ளே கூரையைத் தாங்கும் நான்கு தூண்களும் நான்கு விதம். ஒன்று கட்டையாக இருக்கிறதென்று அடியில் கல் வைத்து உயர்த்தியிருக்கிறார்கள். இன்னொன்றில் அரபு எழுத்து செதுக்கியிருக்கிறது. ஏறக்குறையத் தொள்ளாயிரம் வருடத்துக்கு முன், நோர்மன் அரசர் காலத்தில் இதைக் கட்டியவர்கள், இடிந்த ரோமர் வீடுகளிலும் பள்ளிவாசலிலும் கிடைத்த தூண்களைக் கொண்டுவந்து நட்டார்களாம். கோயில் திருத்த வேலைக்குப் பொறுப்பான இத்தாலிய அம்மா, நாங்கள் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிறவள், வருகிறவர்களுக்கெல்லாம் இதைப் பெருமையாக விளக்குவாள். நானும் வாளியோடு நின்று கேட்பேன்.

மகளின் வதிவிட அனுமதி, அந்தப் பெர்மெசோ, கைக்கு வந்த அன்று எனக்குத் தலைகால் தெரியவில்லை. கைப்பையில் குங்குமம் இருந்தது. எழுத்துள்ள தூண் சாமித் தூணாகத்தான் இருக்கும் என்று ஒரு பொட்டு வைத்துக் கும்பிட்டேன். சலவைக்கல் குங்குமத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்று எனக்கு எங்கே தெரியும்?

மறுநாள் சிவப்புக் கறையைக் கண்டு சிஞ்ஞோரா குதியோ குதி என்று குதித்தாள். இது உங்கள் கோயில் இல்லை, மாலைக்குள் திறப்பைத் தந்துவிட்டுப் போ என்றாள். குருவானவர் தன் சப்பாத்தைப் பார்த்தபடி நின்றார். வேலை போனால் இன்னொன்று தேடலாம். நான் துடைத்து மினுக்கிய தரைக்கு நான் அந்நியம் என்று சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கணவருக்குப் போன் எடுத்தேன்.

"பிழை உம்மடைதானே. திறப்பைக் குடுத்திட்டு வாரும். உவையோடை எங்களுக்கென்ன கதை?"

"ஓம், பொட்டு வைச்சது பிழைதான். அதுக்காக நான் ஏன் போகவேணும்? குடுக்கமாட்டன்."

போனை வைத்துவிட்டு நேரே அவளிடம் போனேன். எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன்: கல்லைக் கெடுத்தது நான். எப்படித் துடைப்பதென்று சொல், துடைக்கிறேன். ஆனால் வேறு ஆட்களின் தூண்களைப் பிடுங்கிவிட்டால் இந்தக் கூரை உன் தலையில்தான் விழும். திறப்பைத் தரமாட்டேன்.

திறப்புக்கு நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. நான் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன். குருவானவர்தான் மெதுவாக, அவள் இருக்கட்டும் என்றார்.

மறுநாள் காலை மழை. கறை எடுக்கும் மருந்துப் பெட்டியோடு சிஞ்ஞோரா வாசலில் நனைந்துகொண்டு நின்றாள். அவளுக்கும் நான்தான் கதவு திறந்துவிட்டேன்.